பொறாமைச் சலுகை

என் சகலையைப் பற்றி யாரும் தவறாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான்.

நானும் அவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் அக்காளைக் கட்டினேன், அவர் தங்கையைக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். குடிநீர் வாரியத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னவன் நான். அவருடைய விண்ணப்பத்தைக் கொண்டுபோய் உரிய மேசையில் வைத்தவனும் நான். புத்தி கெட்டுப்போன நாள் என்று ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஒன்று இருக்கும். என்னுடையது அது.

வாரியத்தில் எனக்கு மீட்டர் சோதனை அறை. வீடுகளிலிருந்து கழற்றி வந்த தண்ணீர் மீட்டர்களை நீளமான மேசையில் வரிசையாகப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியில் விழுந்த தண்ணீரும் மீட்டர் காட்டுகிற எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் ஈய முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். என் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சகலைக்கு மாடியில் கணக்குப் பிரிவு. அங்கே கை காய்ந்திருக்கும், தலைக்கு மேல் மின்விசிறி இருக்கும். ஓடுகிற மீட்டருக்கு ஓடினபடி பில் போடுவார். ஓடாத மீட்டருக்கு, இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் செலவழித்த தண்ணீரைக் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுவார். எங்கள் வாரியத்தின் விதி அப்படி. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் சராசரி சராசரிதான்.

"நாங்க ஊர்லயே இல்லையே சார்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரங்க இருந்தாங்களே" என்று சகலை சிரித்துக்கொண்டே சொல்வார். வந்தவரும் சிரித்துவிட்டுப் போவார். அதையே நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அடிக்க வந்தார்கள்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமனார் வீட்டுக்குப் போனால் அவருக்குக் கைவைத்த நாற்காலி, எனக்கு முக்காலி. அவருடைய வண்டி பழுதாவதே இல்லை. அவர் தலையில் முடி போட்டது போட்டபடி இருக்கிறது. சளி பிடித்தால் அவருக்குக் குரல் கம்பீரமாகிறது, எனக்கு மூக்கு மட்டும் சிவக்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வயிறு எரியாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

இந்த நிலைமையில் எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். பணிமூப்புப்படி அடுத்தது நான். அந்தப் பதவிக்குத் தனி அறை உண்டு, அறைக்குக் கதவு உண்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் யாரும் உள்ளே வர முடியும். சகலையும் தட்டத்தான் வேண்டும். அந்தத் தட்டலை நான் கனவில் பலமுறை கேட்டுவிட்டேன். என் மனைவியும் தன் பங்குக்குத் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை எங்க வீட்டுக்காரருக்குத்தான், பாரு." இனி அந்தப் பதவி வராவிட்டால் நான் மாமனார் வீட்டு முக்காலியிலும் உட்கார முடியாது.

அப்போதுதான் வாரியத் தலைவர் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்.

"பைப் உடையுது, ஃபைல் காணாமப் போகுது, தண்ணி வர்றதில்ல" என்று ஆரம்பித்தார் தலைவர். "ஒவ்வொரு தடவையும் யார் தப்புன்னு கேக்குறாங்க. கேக்குறவங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிடுறாங்க, எனக்குத்தான் தூக்கம் வர்றதில்ல. இப்ப அறிவியல் ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கு. யார் தப்பும் இல்ல. எல்லாம் மரபணு. ஒருத்தர் கோபப்படுறது, சோம்பலா இருக்கறது, பொய் சொல்றது எல்லாம் அவர் பிறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. இது தெரியாம இத்தனை வருஷம் விசாரணைக் கமிட்டி போட்டு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தோம்."

கைதட்டல் வந்தது. அவர் கையமர்த்தினார்.

"என் மச்சினருக்கு நான் பைப் ஒப்பந்தம் குடுத்ததைப் பத்தி வெளியில பேசறாங்க. நான் எதையும் மறைக்கற ஆள் இல்ல. மரபணுச் சோதனைக்கு என் எச்சிலை முதல்லயே குடுத்துப் பாத்துட்டேன். சொந்தக்காரங்களைப் பாத்தா உருகிப்போற மரபணு எனக்கு அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு, ரெண்டும் சேந்து வந்திருக்கு. கையெழுத்துப் போட்டது நான் இல்ல, என் முன்னோர்கள். அவங்களை யார் விசாரிக்க முடியும்?"

முன்வரிசையில் இருந்த மச்சினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தலைவர் ஓர் அம்மையாரை அறிமுகப்படுத்தினார். மரபணு நடத்தை அதிகாரி என்பது அவருடைய பதவி. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு எச்சில் டாக்டரம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் பாவம், படித்தவர். ஒலிபெருக்கியைப் பிடித்து, "மரபணு ஒரு சாய்வைத்தான் குடுக்கும். வளர்ற வீடு, பழகுற ஆளுங்க, பாக்குற வேலை, இதுக்கெல்லாம்கூடப் பங்கு உண்டு. அறிக்கையில வர்றது வெறும் சாத்தியம்தான்" என்றார்.

தலைவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

"ஆனா அந்த வரியை அறிக்கையில போட வேண்டாம்னு முடிவாகியிருக்கு" என்று டாக்டரம்மா முடித்துக்கொண்டார். படிப்பவர்களுக்குக் குழப்பம் வருமாம். இனிமேல் வாரியத்தில் எந்தப் பதவியானாலும் பணிமூப்பு கிடையாது, எச்சில்தான் என்று அறிவித்ததோடு கூட்டம் கலைந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

எச்சில் எடுக்கும் வைபவம் என் அறையிலேயே நடந்தது. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி வைக்க என் மேசைதான் தோதாக இருந்ததாம். எனக்கு முன்னால் சகலை, எனக்குப் பின்னால் ஸ்டோர் கீப்பர். சகலை குழாயை வாங்கினார், திரும்பி நின்றார், குறித்த கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

"அருமை. ஒரு பொட்டு நுரை இல்ல. இப்படித்தான் குடுக்கணும்" என்று டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

எச்சிலில்கூட அவர் என்னை முந்திவிட்டார் என்றால் நான் என்ன சொல்ல? ஆத்திரத்தில் எனக்கு வாய் வறண்டுவிட்டது. கன்னத்தை உள்ளுக்கு இழுத்தேன், நாக்கைச் சுழற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு புளிப்பான பண்டங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைப்பில் அவையும் சகலையின் தட்டில்தான் இருந்தன. கொஞ்சம் நுரை மட்டும் வந்தது. "போதும், வச்சிட்டுப் போங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா.

சில வாரங்களில் அறிக்கைகள் மூடிய உறையில் வந்தன. உள்ளே இருப்பது அவரவர் அந்தரங்கம். ஆனால் அதை வாரியத்தில் தாக்கல் செய்தால் குறைக்கு ஏற்ற சலுகை உண்டு. பிறவிக் குறைக்கு மனிதன் பொறுப்பில்லை, ஆகவே வாரியம் ஈடு செய்யும் என்று சுற்றறிக்கை சொன்னது.

அந்தரங்கம் மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. வரவேற்பு மேசைப் பெண்ணுக்குத் தாமதமாக வரும் மரபணு. மறுநாளிலிருந்து அவர் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் வந்து, பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர் கீப்பருக்கு மறதி. அவரிடம் ஸ்பானர் எங்கே என்று கேட்பது அன்றிலிருந்து குற்றம். கேட்டவர்கள் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்த கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டு அவர் மறுபடியும் கேட்பார். புகார் ஜன்னலில் இருந்தவருக்கு முன்கோபம் என்று வந்தது. அவரை வேறு இடத்துக்கு மாற்றினால் பாகுபாடு ஆகிவிடும் என்று சட்டப் பிரிவு எழுதியது. ஆகவே, புகார் கொடுக்க வரும் பொதுமக்கள் முதலில் எச்சில் கொடுத்து, தங்களுக்குத் திட்டு தாங்கும் மரபணு இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. புகார்கள் மளமளவென்று குறைந்துபோயின. வாரியத்தின் சேவை மேம்பட்டுவிட்டது என்று தலைவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

சகலை தன் உறையைப் பிரித்தார், படித்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்ன வந்திருக்கு சகல?" என்று கேட்டேன்.

"எல்லாம் நார்மல் சகல" என்று சிரித்தார். தலைமைப் பண்பு என்று வந்திருக்கும், தற்பெருமை வேண்டாம் என்று மறைக்கிறார் என்று கணக்குப் பிரிவே பேசிக்கொண்டது. தற்பெருமை இல்லாத மரபணுவும் சேர்ந்து வந்திருக்கும் என்றார்கள். எனக்கு அடிவயிற்றில் கங்கு விழுந்தது.

என் அறிக்கையில் இரண்டே வரிகள். பொறாமை: மிக மிக அதிகம். மறதி: ஓரளவு.

முதல் வரியில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டாவதுதான் புரியவில்லை. யார், எந்த நாளில், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற ஆள் நான்.

வீட்டில் காட்டினேன். மனைவி படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு எச்சில்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

"பரம்பரையாம்."

"உங்கப்பா பக்கமா, அம்மா பக்கமா?"

"எங்கப்பா யார் மேலயும் பொறாமைப்பட்டதே இல்ல."

"யாரைப் பத்தியும் நல்லதா பேசினதும் இல்லையே" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கே கொண்டுபோய்க் குடுங்க. சலுகை உண்டுங்கறாங்கல்ல."

"மானம் போயிடும்."

"போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். இனிமே அதுக்கு ஒரு சர்டிபிகேட் இருக்கு, அவ்வளவுதான்."

கொடுத்தேன். இதுவரை தாக்கல் ஆனதில் எல்லாக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மிகக் கடுமையானது என்றார் டாக்டரம்மா. இவ்வளவு எரிச்சலோடு நீங்கள் தினமும் வேலைக்கு வருவதே பெரிய விஷயம் என்று என் தோளைத் தட்டினார். என் வயிற்றெரிச்சலுக்கு யாரும் அதுவரை மரியாதை கொடுத்ததில்லை.

அடுத்த நாள் சுற்றறிக்கை வந்தது. மீட்டர் சோதனை அறை ஊழியரின் காதுபட எவரும் புது வண்டி, பிள்ளைகளின் மதிப்பெண், வெளியூர்ப் பயணம் ஆகியவை பற்றிப் பேசக் கூடாது. புதுச் சட்டை போட்டு வருகிறவர்கள் அதைக் கசக்கிவிட்டே அந்த அறையைக் கடக்க வேண்டும். நல்ல செய்தி எதுவானாலும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்ள வேண்டும். இவை போதாது என்று, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தினம் ஒருவர் என்னிடம் வந்து தமக்கு நேர்ந்த கஷ்டம் ஒன்றை நேரில் தெரிவிக்க வேண்டும்.

காலையில் போனால் வாசலில் வரிசை நிற்கும். ஒருவருக்குப் பல்வலி, ஒருவர் வீட்டில் கூரை ஒழுகல். ஒருவருடைய பையன் எல்லாப் பாடத்திலும் பெயில். தேறியவன்தான், எனக்காகப் பெயிலாக்கினார் என்று பிறகு தெரிந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "தணியுது, தணியுது, அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்பார். ஒரு நாள் டைப்பிஸ்ட் அம்மா வந்து, தன் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தி ரொம்ப நாளாகிறது என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அது நிஜம். அன்றைக்கு எனக்கு எதுவும் தணியவில்லை, மீட்டருக்கு முத்திரையைத் தப்பாக வைத்தேன்.

கணக்குப் பிரிவின் முறை வந்தபோது சகலை வந்தார். சட்டையைக் கசக்கியிருந்தார். கசங்கின சட்டையும் அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

"நேத்து வண்டியைத் துடைக்கறப்ப நகம் உடைஞ்சிட்டுது சகல" என்றார்.

"அவ்வளவுதானா?"

"யோசிச்சுப் பாத்தேன். வேற ஒண்ணும் அமையல."

டாக்டரம்மா என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். கணக்குப் பிரிவிலிருந்து இனி வேறு ஆளை அனுப்பும்படி உத்தரவு போனது.

மற்றபடி அவை நல்ல நாட்கள். மனிதர்கள் என்னைப் பார்த்ததும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டார்கள். அதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? எனக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. "உங்க முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுச் சுற்றறிக்கை ஞாபகம் வந்து, தனக்கு இடுப்பு வலி என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

தலைவர் மறுபடியும் கூட்டம் போட்டார்.

"மேற்பார்வையாளர் பதவிக்கு யார்னு நிறைய யோசிச்சோம்" என்றார். "திறமை உள்ளவங்களுக்குக் குடுக்கலாம். ஆனா திறமை அவங்க சம்பாதிச்சதா? பிறவியில வந்தது. ஓசியில வந்ததுக்கு எதுக்குப் பதவி? அதே மாதிரி குறையும் பிறவியில வந்ததுதான். அதனால யார் ரொம்பக் குறையோட பிறந்திருக்காங்களோ, அவங்களுக்குக் குடுக்கறதுதான் நியாயம். இந்த வாரியத்துல மேல இருக்கற எல்லாப் பதவியும் இந்த அடிப்படையிலதான் நிரப்பப்பட்டிருக்குன்னு நான் பெருமையா சொல்லிக்கறேன்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸ்டோர் கீப்பர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சகலையைத் தேடினேன். அவர் பின்வரிசையில் நின்றிருந்தார். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு பார்வைக்காக இத்தனை வருஷ முக்காலியையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் என் மனைவி தங்கையோடு போனில் பேசினாள். அத்தனை மெதுவாக, அத்தனை பணிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எதிராளியை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

நியமன உத்தரவுக்குப் பதிலாக எனக்கு விசாரணைக்கு அழைப்பு வந்தது.

தலைவர் அறையில் டாக்டரம்மா இருந்தார். சகலையும் இருந்தார். மேசைமேல் நாலாக மடித்த தாள் ஒன்று விரித்து வைத்திருந்தது. சகலை தன் அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டார்.

"இவருக்கும் பொறாமைதான்" என்றார் தலைவர். "உங்களுக்கு இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. வாரியத்துலயே இவ்வளவு யாருக்கும் இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு யார் மேல் பொறாமை?

"அதோட உங்க அறிக்கையிலயும் ஒரு சின்ன விஷயம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்க குழாய்ல வெறும் நுரைதான் இருந்துது. மெஷின் அதைப் படிக்கல. அதனால வாரியத்தோட விதிப்படி செஞ்சோம்."

"என்ன விதி?"

"மீட்டர் ஓடாத வீட்டுக்கு என்ன செய்வீங்க? முன்னாடி இருந்த குழாயையும் பின்னாடி இருந்த குழாயையும் கூட்டி ரெண்டால வகுத்தோம். நானா செய்யல. கணக்குப் பிரிவுல கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

கணக்குப் பிரிவில் யாரைக் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, என் மறதி ஸ்டோர் கீப்பருடையது. பொறாமை முழுக்கச் சகலையுடையது. ஸ்டோர் கீப்பர் யார் மேல் பொறாமைப்பட வேண்டும் என்பதையே மறந்துவிடுகிற மனிதர், அவர் பங்கு ஒன்றும் இருந்திருக்காது. இத்தனை நாள் நாடி பிடித்துத் தணித்தது என் சகலையின் பொறாமையில் பாதியை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனவர்கள் எல்லோர் முகமும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"என் எச்சிலை மறுபடி எடுங்க" என்றேன். பதவி கைநழுவும் பதற்றத்தில் இந்தத் தடவை வாய் நன்றாக ஊறியிருந்தது. கோட்டைத் தாண்டி நிரப்பிக் கொடுத்தேன். யாரும் அருமை என்று சொல்லவில்லை.

முடிவு வந்தபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"உங்களுக்குப் பொறாமை மரபணுவே இல்ல. அறவே இல்ல. சொல்லப்போனா, அடுத்தவங்க நல்லா இருந்தா சந்தோஷப்படற சாய்வு கொஞ்சம் இருக்கு."

"அப்ப என் வயிறு எரியறது?"

"எரியுதா?"

"நல்லாவே எரியுது. இப்பகூட எரியுது."

"அது உங்க சொந்தம்" என்றார். "மரபணு இல்லாமலும் வரும்னு நான் படிச்ச புத்தகத்துல எல்லாம் இருக்கு. சுற்றறிக்கையிலதான் இல்ல."

தலைவர் தீர்ப்பைக் கூட்டத்தில்தான் சொன்னார். அவருக்குக் கூட்டம் இல்லாமல் எதுவும் வராது.

"பூர்வீகச் சொத்து வேற, சுயார்ஜிதம் வேற" என்றார். "பூர்வீகமா வந்த பொறாமைக்கு மனுஷன் பொறுப்பில்ல. அதை வாரியம் மதிக்கும், பதவி குடுக்கும். ஆனா இவர் எந்த மரபணுவோட உதவியும் இல்லாம, முழுக்கத் தன்னோட சொந்த முயற்சியால பொறாமைப்பட்டிருக்கார். இந்த வாரியத்துல ஒரு ஊழியர் சொந்த முயற்சியால ஒரு காரியம் செஞ்சிருக்கறது, எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல் தடவை. இதை வளர விட்டா என்ன ஆகும்? நாளைக்கு ஒருத்தர் சொந்த முயற்சியால வேலையும் செய்ய ஆரம்பிப்பார். அப்புறம் செய்யாதவங்களை ஏன் செய்யலன்னு கேப்பாங்க. நம்ம அடித்தளமே ஆடிப்போயிடும்."

பலத்த கைதட்டல். மச்சினர் எழுந்து நின்று தட்டினார்.

மேற்பார்வையாளர் பதவி சகலைக்குப் போனது. எனக்கு ஒரு மெமோ வந்தது. பரம்பரைக் காரணம் ஏதுமின்றி, தெரிந்தே, அலுவலக நேரத்தில் பொறாமைப்பட்டது ஏன் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கத்தை மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். தங்கை போன் செய்துவிட்டிருந்தாள். என் மனைவி பணிவாகப் பேசவில்லை, பேசவே இல்லை. சாப்பாடு போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவருக்குப் பொறாமை உங்க மேலயா?"

"அப்படித்தான் தோணுது."

"எதுக்கு?" என்றாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். விட்டுப்போன பொருளைத் தேடுவதுபோல அலமாரிப் பக்கம்கூடப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் நடந்ததில் எனக்கு அதுதான் வலித்தது.

மறுநாள் விளக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய், கதவைத் தட்டினேன்.

"வாங்க சகல, நீங்க எதுக்குத் தட்டிக்கிட்டு" என்றார் உள்ளேயிருந்து. அவர் அறையில் எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். கைவைத்த நாற்காலிதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "என்கிட்ட என்ன இருக்குன்னு உங்களுக்குப் பொறாமை?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்த முயற்சியைக் கைவிட்டார்.

"நீங்க எங்க வேணா நின்னுக்கிட்டு, வயிறு எரியுதுன்னு சொல்லிடறீங்க. மாமனார் முன்னாடி சொல்லுவீங்க, அண்ணி முன்னாடி சொல்லுவீங்க, வர்ற ஜனங்க முன்னாடி சொல்லுவீங்க. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கேன். வீட்லயும் சிரிக்கணும், இங்கயும் சிரிக்கணும். தாடை வலிக்குது சகல."

"சிரிக்காம இருக்க வேண்டியதுதானே."

"அப்புறம் யாருக்கு என்னைப் பிடிக்கும்? உங்களைப் பாருங்க. ஒருத்தருக்கும் உங்களைப் பிடிக்காது. ஆனாலும் நீங்க பாட்டுக்கு இருக்கீங்க. அதுதான் என்னால தாங்கவே முடியல."

நான் பாட்டுக்கு இருந்தேனாம். இவரால் ஒரு நாள் நிம்மதியாக நான் சாப்பிட்டதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் பொறாமைப்பட்டதற்காக அவருக்குப் பதவி. அவர் மேல் பொறாமைப்பட்டதற்காக எனக்கு மெமோ. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், அதற்கும் ஒரு மரபணு இருக்கிறதா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

விளக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். "பொறாமைப்பட்டது உண்மை. காரணம், என் சகலை." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அவர் படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் மறுபடி படித்தார்.

"வெறுமனே பொறாமைன்னு போட்டிருக்கீங்க" என்றார்.

"வேற என்ன போடணும்?"

"மிகுந்த பொறாமைன்னு போடலாமே." குரல் இறங்கியிருந்தது. "எனக்காக. இதுவரைக்கும் என்னைப் பத்தி யாரும் இப்படி எழுதிக் குடுத்ததில்ல."

பேனாவை வாங்கினேன். "மிகுந்த" என்று மேலே சேர்த்து எழுதினேன். எழுதின பிறகு அது எனக்கே குறைவாகப் பட்டது. இத்தனை வருஷத்தை ஒரு வார்த்தையில் அடைக்க முடியுமா? அதற்கு முன்னால் "மிக" என்று இன்னொன்றும் போட்டேன். எழுதினதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சகலை அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சிரிக்கவில்லை. தாடையைத் தளர்த்திக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.